ஆன்றி லூயி லெ சாட்டலியே

ஆன்றி லூயி லெ சாட்டலியே (அக்டோபர் 8, 1850 – செப்டம்பர் 17, 1936) ஒரு பிரெஞ்சு வேதியியலாளரும் சுரங்கப் பொறியாளரும் ஆவார். வேதிச் சமநிலை பற்றி 1884 ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட கொள்கை இவருடைய பெயராலேயே அறியப்படுகின்றது. தமிழ்ப் பாடநூல்களில் இவரது பெயர் லீ சாட்லியர் என்றும் எழுதப்படுவதுண்டு. பள்ளி மாணவர்கள் இவரை இக்கொள்கை வழியாகவே அறிந்திருந்தாலும், இவர் தம் ஆய்வு வாழ்வைத் தொடங்கியது கட்டடப் பொருட்களில்தான். ஜிப்சத்தைச் சுட்டுப் பெறும் பாரிசுச் சாந்து நீருடன் கலந்ததும் ஏன் இறுகிக் கல்லாகிறது என்ற கேள்விக்கு முதன்முதலில் நிறைவான விடை அளித்தவர் இவரே. இன்று சுவர்களுக்கும் கூரைகளுக்கும் பயன்படும் ஜிப்சம் பலகையின் வலிமையைச் சேர்பொருட்களால் கூட்டும் தொழில்நுட்பம் இவ்விடையை அடிப்படையாகக் கொண்டது.

பிறப்பும் குடும்பமும்

லெ சாட்டலியே பாரிசு நகரில் பிறந்தார். தந்தை லூயி லெ சாட்டலியே (1815–1873) பிரான்சின் பெயர் பெற்ற பொறியாளர்களுள் ஒருவர். இருப்புப்பாதை அமைப்பு, எஃகு உருக்கல், அலுமினியம் பிரித்தெடுத்தல் ஆகிய துறைகளில் அவர் பணியாற்றினார். ஈஃபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 அறிஞர்களின் பெயர்களுள் காணப்படும் லெ சாட்டலியே என்பது தந்தையின் பெயராகும். அதனை மகனின் பெயர் எனக் கருதுவது தவறு.

தாய் லூயிசு துரான் கண்டிப்பும் ஒழுங்கும் மிக்கவர். குழந்தைகளைக் குறித்த நேரத்தில் குறித்த செயலைச் செய்யும்படி பழக்கினார். ஆன்றி மூத்த மகன். இவருக்கு ஒரு தங்கையும் நான்கு தம்பியரும் இருந்தனர். தந்தையின் நண்பர்களான அறிவியலாளர்களும் தொழில் முனைவோரும் வீட்டுக்கு வந்து செல்வது வழக்கம். அவர்களுள் அலுமினிய உற்பத்தி முறையை உருவாக்கிய சான்-கிளேர் தெவில் குறிப்பிடத்தக்கவர். தெவிலின் ஆய்வகத்துக்குச் செல்லும் வாய்ப்பு ஆன்றிக்கு இளமையிலேயே கிடைத்தது. அறிவியலும் தொழிலும் வெவ்வேறானவை அல்ல என்ற எண்ணம் இவருக்கு இச்சூழலில்தான் உருவாயிற்று.

கல்வி

லெ சாட்டலியே பாரிசின் ரொலான் கல்லூரியில் பயின்று, 1869 ஆம் ஆண்டில் எக்கோல் பாலிடெக்னிக் என்னும் உயர் பொறியியல் கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் இடையே போர் மூண்டது. பாரிசு நகரம் முற்றுகையிடப்பட்டபோது, மற்ற மாணவர்களைப் போலவே இவரும் படையில் இளநிலை அதிகாரியாகப் பணியாற்றினார். போர் முடிந்தபின் 1871 ஆம் ஆண்டில் எக்கோல் தெ மின் எனப்படும் சுரங்கப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1873 ஆம் ஆண்டில் படிப்பை முடித்தார். அதே ஆண்டில் தந்தை காலமானார்.

படிப்பிற்குப் பின் சில ஆண்டுகள் அரசின் சுரங்கத்துறையில் பொறியாளராகப் பணியாற்றினார். பெசான்சோன் நகரில் பணிபுரிந்த காலமும் இதில் அடங்கும். 1876 ஆம் ஆண்டில் சென்வியேவு நிக்கோலா என்பவரை மணந்தார். இவர்களுக்கு நான்கு பெண்களும் மூன்று ஆண்களுமாக ஏழு குழந்தைகள் பிறந்தனர். 1877 ஆம் ஆண்டில் தாம் பயின்ற சுரங்கப் பொறியியல் கல்லூரியிலேயே வேதியியல் கற்பிக்க அழைக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 27. அதுவரை வேதியியல் ஆய்வு எதனையும் அவர் வெளியிட்டிருக்கவில்லை.

ஜிப்சம் பற்றிய ஆய்வு

பின்னணி

ஆசிரியப் பணியில் சேர்ந்த லெ சாட்டலியே சுண்ணாம்பு, சிமென்ட், பாரிசுச் சாந்து ஆகிய இறுகும் பொருட்களைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பாரிசு நகருக்கு ஜிப்சம் புதியதன்று. நகரின் வடக்கேயுள்ள மோன்மார்த்தர் குன்றிலிருந்து பல நூற்றாண்டுகளாக ஜிப்சம் வெட்டி எடுக்கப்பட்டு, சுடப்பட்டு, வீடுகளின் சுவர்களுக்குப் பூசப்பட்டு வந்தது. பாரிசுச் சாந்து என்ற பெயரும் இதனாலேயே ஏற்பட்டது.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டு ஒரு மூலக்கூறுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகள் இணைந்த கனிமம் ஆகும். அதன் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு நீர். நவீன வேதியியலின் தந்தை எனப்படும் லவாய்சியே, தம் முதல் ஆய்வுக் கட்டுரையாக 1765 ஆம் ஆண்டில் ஜிப்சத்தைப் பற்றியே எழுதினார். சுடும்போது ஜிப்சம் நீரை இழக்கிறது என்றும், சாந்து இறுகும்போது அந்நீரைத் திரும்பப் பெறுகிறது என்றும் அவர் காட்டினார். ஆனால் எவ்வளவு நீர் போகவேண்டும், திரும்பி வரும் நீர் எவ்வாறு ஒரு தூளைக் கல்லாக்குகிறது என்ற கேள்விகள் நூறு ஆண்டுகளுக்கு மேல் விடையின்றி இருந்தன. சூளைக்காரர்கள் அனுபவத்தைக் கொண்டே ஜிப்சத்தைச் சுட்டனர். அளவுக்கு மீறிச் சுட்டால் சாந்து இறுகாமல் போவதை அவர்கள் அறிந்திருந்தனர். அதன் காரணம் அறியப்படவில்லை.

அரைநீரேற்று கண்டறிதல்

1883 ஆம் ஆண்டில் லெ சாட்டலியே எளிய சோதனை ஒன்றைச் செய்தார். பொடித்த ஜிப்சத்தின் நடுவே வெப்பமானி ஒன்றை வைத்து மெதுவாகச் சூடேற்றி, வெப்பநிலை உயரும் வேகத்தைத் தொடர்ந்து குறித்துவந்தார். பொருளில் மாற்றம் ஏதும் நிகழாவிட்டால் வெப்பநிலை சீராக உயரவேண்டும். ஆனால் ஏறத்தாழ 128 பாகை செல்சியசிலும், பின்னர் 163 பாகை செல்சியசிலும் உயர்வு தடைப்பட்டு நின்றது. கொடுக்கப்படும் வெப்பம் அவ்விரு இடங்களிலும் நீரை வெளியேற்றச் செலவாகிறது என்பதே இதன் பொருள்.

முதல் தடையின்போது, இரண்டு நீர் மூலக்கூறுகளில் ஒன்றரைப் பங்கு வெளியேறுவதை எடைக் கணக்கு காட்டியது. எஞ்சுவது கால்சியம் சல்பேட்டு இரண்டு மூலக்கூறுகளுக்கு ஒரு நீர் மூலக்கூறு கொண்ட தனிச் சேர்மம். இதுவே அரைநீரேற்று ஆகும். இதில் 6.2 விழுக்காடு நீர் உள்ளது. இவ்வாறு நல்ல பாரிசுச் சாந்து என்பது நீர் முழுவதும் நீங்கிய பொருள் அன்று என்பதும், அரைகுறையாகச் சுட்ட ஜிப்சமும் அன்று என்பதும் தெளிவாயின. இரண்டாம் தடையைத் தாண்டிச் சுட்டால் எஞ்சிய நீரும் வெளியேறுகிறது. வெப்பம் மேலும் மிகுந்தால் நீருடன் எளிதில் வினைபுரியாத நீரற்ற கால்சியம் சல்பேட்டு கிடைக்கிறது. சூளைக்காரர்கள் கண்ட குறைக்கு இதுவே காரணம்.

பொருளைச் சூடேற்றி வெப்பநிலைத் தடைகளைக் குறிக்கும் இம்முறை, பின்னாளில் களிமண் முதலிய கனிமங்களை ஆராயவும் அவருக்குப் பயன்பட்டது. இன்று வெப்பப் பகுப்பாய்வு எனப்படும் துறையின் தொடக்கங்களுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது.

இறுகுதலின் விளக்கம்

அடுத்து, அரைநீரேற்று நீருடன் கலந்ததும் நிகழ்வதை அவர் விளக்கினார். சுவிட்சர்லாந்து வேதியியலாளர் மரிஞாக்கு, சாந்தை நீரில் கலக்கிய உடனே கிடைக்கும் கரைசலில், ஜிப்சம் கரையக்கூடிய அளவைப்போலப் பல மடங்கு கால்சியம் சல்பேட்டு கரைந்திருப்பதை முன்னரே கண்டிருந்தார். லெ சாட்டலியே இதனைத் தம் விளக்கத்தின் திறவுகோலாகக் கொண்டார்.

அவரது விளக்கத்தின்படி இறுகுதல் மூன்று படிகளில் நிகழ்கிறது. முதலில் அரைநீரேற்று நீரில் கரைகிறது. அதன் கரைதிறன் ஜிப்சத்தின் கரைதிறனைவிட மிகுதியாதலால், கரைசல் ஜிப்சத்தைப் பொறுத்தவரை மீதெவிட்டிய நிலையை அடைகிறது. பின்னர் அக்கரைசலிலிருந்து ஜிப்சம் ஊசி வடிவப் படிகங்களாகப் பிரிகிறது. பிரிந்த அளவுக்கு மேலும் அரைநீரேற்று கரைகிறது. நீர் ஒரு கடத்தியாக இருந்து, எல்லாத் தூளும் தீரும்வரை இச்சுழற்சி தொடர்கிறது. வளரும் ஊசிகள் ஒன்றோடொன்று பின்னிக் கோத்துக்கொள்கின்றன. சாந்தின் வலிமை இப்பின்னலில்தான் இருக்கிறது.

இவ்விளக்கத்தின் பயன் பெரிது. வலிமை என்பது பொருளின் மாறாத இயல்பு என்ற நிலை மாறி, படிகங்களின் எண்ணிக்கை, வடிவம், நெருக்கம் ஆகியவற்றைப் பொறுத்தது என்ற நிலை உண்டாயிற்று. இம்மூன்றையும் மாற்ற முடிந்தால் வலிமையையும் மாற்ற முடியும்.

சிமென்ட் ஆய்வு

ஜிப்சத்தில் பெற்ற தெளிவைக் கொண்டு லெ சாட்டலியே சிமென்ட்டை ஆராய்ந்தார். சூளையிலிருந்து வெளிவரும் சிமென்ட் கட்டிகளை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்களாகத் தேய்த்து, முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கி வழியே பார்த்தார். பாறைகளை ஆராயும் இம்முறையைச் சிமென்ட்டுக்குப் பயன்படுத்திய முன்னோடி இவர். சிமென்ட்டின் இறுகுதலுக்கு முதன்மையான காரணம் முக்கால்சியம் சிலிக்கேட்டு என்ற சேர்மமே என அவர் கண்டறிந்தார். நீரில் இறுகும் சாந்துகளின் அமைப்பைப் பற்றிய இவ்வாய்வுகளுக்காக 1887 ஆம் ஆண்டில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

சிமென்ட்டும் ஜிப்சத்தைப் போலவே படிகங்கள் பின்னிக்கொள்வதால் இறுகுகிறது என்பது லெ சாட்டலியேயின் கருத்து. செருமானிய வேதியியலாளர் மிக்காயெலிசு 1893 ஆம் ஆண்டில் இதனை மறுத்து, சிமென்ட் கூழ் போன்ற பொருளாகி இறுகுகிறது என்றார். இவ்விரு கருத்துகளுக்கும் இடையிலான விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. சிமென்ட்டின் வலிமை பெரும்பாலும் ஒழுங்கான படிக வடிவம் அற்ற, மிக நுண்ணிய கால்சியம் சிலிக்கேட்டு நீரேற்றினால் வருகிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. ஆனால் சிமென்ட்டும் முதலில் கரைந்து, மீதெவிட்டிய கரைசலிலிருந்தே புதிய பொருளாகப் பிரிகிறது என்ற இவரது கருத்து நிலைத்தது. ஜிப்சத்தைப் பொறுத்தவரை இவரது விளக்கம் முழுமையாகவே ஏற்கப்பட்டுள்ளது.

சிமென்ட்டின் தரத்தை அறிய இவர் உருவாக்கிய இரு கருவிகள் இன்றும் வழக்கில் உள்ளன. ஒன்று சிமென்ட்டின் அடர்த்தியை அளக்கும் குடுவை. மற்றொன்று, இறுகிய பின் சிமென்ட் விரிந்து வெடிக்குமா என்பதை அறிய உதவும் அச்சு. ஒரு பக்கம் பிளவுபட்ட இச்சிறு உருளையின் விட்டமும் உயரமும் 30 மி.மீ. ஆகும். பிளவின் இரு பக்கமும் நீண்ட முட்கள் இருக்கும். சிமென்ட் பசையை உள்ளே நிரப்பி, நீரில் வைத்துக் கொதிக்கவிட்ட பின் முட்களின் இடைவெளி எவ்வளவு கூடியது என அளப்பர். இந்தியத் தர நிர்ணயத்தின்படி சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு இவ்விரிவு 10 மி.மீ.க்கு மேற்படக்கூடாது. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் குடிசார் பொறியியல் மாணவர்கள் இச்சோதனையைச் செய்முறை வகுப்பில் கற்கின்றனர்.

உயர் வெப்பநிலை அளவீடு

சிமென்ட் சூளையின் வெப்பநிலையைச் சரியாக அளக்க அக்காலத்தில் நம்பத்தகுந்த கருவி இல்லை. இத்தேவையே லெ சாட்டலியேயை வெப்ப அளவீட்டுத் துறைக்கு இட்டுச்சென்றது. தூய பிளாட்டினக் கம்பியையும், 10 விழுக்காடு ரோடியம் கலந்த பிளாட்டினக் கம்பியையும் இணைத்து வெப்ப மின்னிரட்டை ஒன்றை 1880களின் நடுப்பகுதியில் உருவாக்கினார். உருகுநிலையோ கொதிநிலையோ நன்கு தெரிந்த தூய பொருட்களைக் கொண்டு அதனை அளவுதிருத்தம் செய்தார். 1892 ஆம் ஆண்டில், ஒளிரும் பொருளின் பொலிவைக் கொண்டு வெப்பநிலையை அறியும் ஒளியியல் உயர்வெப்பமானியையும் அமைத்தார். எஃகு, கண்ணாடி, பீங்கான் தொழில்கள் இக்கருவிகளால் பெரும் பயன் அடைந்தன.

இதே காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களில் நிகழ்ந்த வெடிவிபத்துகளைப் பற்றி எர்னெசுட்டு மல்லார் என்பவருடன் சேர்ந்து ஆய்வு செய்தார். எரிவளிகள் கலந்திருக்கும்போது அக்கலவை தீப்பற்றும் எல்லையைக் கணக்கிட இவர் 1891 ஆம் ஆண்டில் தந்த விதி இன்றும் தொழிற்சாலைப் பாதுகாப்பில் பயன்படுகின்றது. அசிட்டிலீனை ஆக்சிசனுடன் எரித்தால் 3000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலை கிடைக்கும் என்பதையும் இவர் 1895 ஆம் ஆண்டில் அறிவித்தார். உலோகங்களைப் பற்றவைக்கவும் வெட்டவும் உதவும் ஆக்சி-அசிட்டிலீன் சுடருக்கு இது வழிவகுத்தது.

சமநிலைக் கொள்கை

ஜிப்சம் நீரை இழப்பதும் திரும்பப் பெறுவதும், சுண்ணாம்புக்கல் கார்பன் டைஆக்சைடை இழப்பதும் ஏற்பதும் இருதிசை வினைகளாகும். இத்தகைய வினைகளை ஆராய்ந்துவந்த லெ சாட்டலியே, அவை அனைத்துக்கும் பொதுவான விதி ஒன்றை 1884 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். சமநிலையில் உள்ள ஒரு தொகுதியின் வெப்பநிலை, அழுத்தம், செறிவு ஆகியவற்றுள் ஒன்றை மாற்றினால், அம்மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் சமநிலை நகரும் என்பது அதன் சாரம். வெப்பநிலை பற்றிய பகுதியை ஒல்லாந்து வேதியியலாளர் வான்ட் ஆஃப் அதே ஆண்டில் கூறியிருந்தார். லெ சாட்டலியே அதனை அழுத்தத்துக்கும் விரித்து, 1888 ஆம் ஆண்டில் எளிய வடிவில் மீண்டும் எழுதினார். அமெரிக்க அறிஞர் கிப்சு கணித வழியில் இம்முடிவுகளை முன்னரே எட்டியிருந்தமை பின்னர்த் தெரிந்தபோது, கிப்சின் நூலைத் தாமே பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1899 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

கொள்கையின் பயனை விளக்க இரும்பு ஊதுலைகளை அவர் எடுத்துக்காட்டினார். உலையிலிருந்து வெளியேறும் வளியில் கார்பனோராக்சைடு மிகுந்திருப்பதைக் கண்ட பொறியாளர்கள், அது இரும்புத்தாதுவுடன் வினைபுரியப் போதிய நேரம் இல்லை எனக் கருதி, பெரும் பொருட்செலவில் உயரமான உலைகளைக் கட்டினர். வெளியேறும் கார்பனோராக்சைடு குறையவில்லை. வினை முற்றுப்பெறாமல் சமநிலையில் நிற்பதே காரணம் என்பதை அறிந்திருந்தால் அச்செலவைத் தவிர்த்திருக்கலாம்.

அமோனியா முயற்சி

நைதரசனையும் ஐதரசனையும் நேரடியாகச் சேர்த்து அமோனியா பெறுவது அக்காலத்தின் பெரிய சவால். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் வேண்டிய நைதரசன் சேர்மங்களுக்குச் சிலி நாட்டு வெடியுப்பையே உலகம் நம்பியிருந்தது. நான்கு பங்கு வளி இரண்டு பங்காகச் சுருங்கும் வினை இது. ஆகவே தம் கொள்கைப்படி உயர் அழுத்தத்தில் அமோனியா மிகுதியாகக் கிடைக்கும் என லெ சாட்டலியே கணித்தார். 1901 ஆம் ஆண்டில், இரும்பு வினையூக்கியின் முன்னிலையில் ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்திலும் 600 பாகை செல்சியசிலும் சோதனையைத் தொடங்கினார். கருவிக்குள் காற்று கலந்திருந்ததால் பெரும் வெடிப்பு ஏற்பட்டது. உதவியாளர் உயிர் தப்பியது அரிது. காரணத்தை அறிந்த பின்னும் அவர் சோதனையைத் தொடரவில்லை.

சில ஆண்டுகளுக்குள் செருமனியின் பிரிட்சு ஏபர் இவ்வினையில் வெற்றி கண்டார். 1913 ஆம் ஆண்டில் அமோனியா தொழிற்சாலை அளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. ஏபருக்கு 1918 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வாய்வைக் கைவிட்டது தம் அறிவியல் வாழ்வின் மிகப்பெரிய தவறு என லெ சாட்டலியே முதுமையில் வருந்தினார்.

அறிவியலும் தொழிலும்

லெ சாட்டலியே 1898 ஆம் ஆண்டில் கொலேஜ் தெ பிரான்சிலும், 1907 ஆம் ஆண்டில் ஆன்றி முவாசானின் மறைவுக்குப் பின் சொர்போன் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார். 1907 ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1904 ஆம் ஆண்டில் உலோகவியலுக்கென ஓர் இதழை நிறுவி நடத்தினார். அமெரிக்கப் பொறியாளர் டெய்லரின் தொழில் மேலாண்மை முறைகளைப் பிரான்சில் அறிமுகப்படுத்தியவரும் இவரே. தொழிற்சாலையின் சிக்கல்களே சிறந்த ஆய்வுப் பொருட்கள் என்பது இவரது உறுதியான கருத்து. சூளையிலும் உலையிலும் சுரங்கத்திலும் எழுந்த கேள்விகளிலிருந்தே இவரது முதன்மையான கண்டுபிடிப்புகள் பிறந்தன.

ஜிப்சம் பலகையும் சேர்பொருட்களும்

லெ சாட்டலியே இறுகுதலை விளக்கிய பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1894 ஆம் ஆண்டில் அமெரிக்கரான அகசுட்டின் சாக்கெட்டு, பாரிசுச் சாந்தையும் காகிதத்தையும் அடுக்கிச் செய்த பலகைக்குக் காப்புரிமை பெற்றார். பேச்சு வழக்கில் ஜிப்சம் போர்டு எனப்படும் இன்றைய பலகை அதன் வழிவந்தது. இரு காகிதத் தாள்களுக்கு நடுவே இறுகிய ஜிப்சம் இருக்கும். வளையும்போது இழுவிசையைத் தாங்குவது பெரும்பாலும் காகிதம். அழுத்தத்தையும் ஆணியின் பிடிப்பையும் தாங்குவது ஜிப்சம். லெ சாட்டலியே பலகைத் தொழிலில் ஈடுபட்டவர் அல்லர். ஆயினும் பலகையின் வலிமையைக் கூட்டச் சேர்க்கப்படும் பொருட்களின் செயல்பாட்டை அவரது விளக்கத்தைக் கொண்டே புரிந்துகொள்ள முடிகிறது.

* இறுகுதலை விரைவுபடுத்தும் பொருட்கள்: மிக நுண்ணிதாக அரைத்த ஜிப்சம் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. அதன் துகள்கள் புதிய படிகங்களுக்கு விதையாக அமைகின்றன. பொட்டாசியம் சல்பேட்டும் பயன்படுகிறது. ஓடும் பட்டையின் மேல் வார்க்கப்படும் பலகை சில நிமிடங்களில் வெட்டும் பதத்தை அடைவது இதனால்தான்.

* இறுகுதலைத் தாமதிக்கும் பொருட்கள்: சிட்ரிக் அமிலம், டார்டாரிக் அமிலம், வெண்காரம், புரதப் பொருட்கள் ஆகியவை இவ்வகையின. கலக்கி ஊற்றுவதற்கு நேரம் தருவன இவை. ஆனால் சிட்ரிக் அமிலம் படிகத்தின் பரப்பில் ஒட்டிக்கொண்டு நீள்வளர்ச்சியைத் தடுப்பதால், ஊசிகளுக்கு மாறாகக் குட்டையான தடித்த படிகங்கள் தோன்றுகின்றன. பின்னல் தளர்ந்து வலிமை குறைகிறது. எனவே இது மிகச் சிறிய அளவிலேயே சேர்க்கப்படவேண்டும்.

* நீரைக் குறைக்கும் பொருட்கள்: 100 பங்கு அரைநீரேற்று ஜிப்சமாக மாற 18.6 பங்கு நீரே போதும். ஆனால் ஊற்றும் பதத்துக்கு 60 முதல் 80 பங்கு வரை நீர் தேவைப்படுகிறது. மிகுதி நீர் உலர்ந்து போனபின் அவ்விடங்கள் நுண்துளைகளாகின்றன. துளைகள் கூடக்கூட வலிமை குறைகிறது. லிக்னோசல்போனேட்டு, நாப்தலீன் சல்போனேட்டு போன்ற பொருட்கள் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து, குறைந்த நீரிலேயே கலவையை இளக்கமாக்குகின்றன. நீர் குறைவதால் உலர்த்தும் எரிபொருளும் மிஞ்சுகிறது.

* மாவுப்பொருள்: உலரும்போது நீருடன் சேர்ந்து காகிதத்தை நோக்கி நகர்ந்து, காகிதமும் ஜிப்சமும் சந்திக்கும் இடத்தில் தங்குகிறது. உலர்த்தியின் வெப்பத்தில் அங்குள்ள படிகங்கள் நீரிழந்து மீண்டும் தூளாகாமல் காத்து, காகிதத்தின் ஒட்டுதலை உறுதிப்படுத்துகிறது.

* கண்ணாடியிழை: தீயில் ஜிப்சம் தன் நீரை ஆவியாக வெளியிட்டு நெருப்பைத் தாமதப்படுத்துகிறது. லெ சாட்டலியே வெப்பமானியில் கண்ட தடைகள் இங்குப் பாதுகாப்பாக மாறுகின்றன. ஆனால் நீர் இழந்த பலகை சுருங்கி வெடிக்கும். இழைகள் அதனை உதிராமல் பிடித்துக்கொள்கின்றன.

* சோடியம் டிரைமெட்டா பாசுபேட்டு: ஈரக் காற்றில் கூரைப் பலகைகள் நாளடைவில் தொய்வதைத் தடுக்க மிகச் சிறிதளவு சேர்க்கப்படுகிறது.

* மெழுகுக் குழம்பும் சிலிக்கோனும்: நனைந்த ஜிப்சத்தில் படிகங்கள் தொட்டுக்கொள்ளும் இடங்கள் கரையத் தொடங்குவதால் வலிமை பெரிதும் குறைகிறது. குளியலறை போன்ற இடங்களுக்கான பலகைகளில் நீர் புகாதிருக்க இவை பயன்படுகின்றன.

வலிமையைக் கூட்டுவது மட்டுமே தொழிலின் நோக்கம் அன்று. பலகை இலேசாகவும் இருக்கவேண்டும் என்பதால் கலவையில் நுரை சேர்க்கப்படுகிறது. நுரை எடையைக் குறைக்கும்போது வலிமையையும் குறைக்கிறது. ஆகவே நுரைக் குமிழிகளுக்கு இடையிலுள்ள சுவர்களில் படிகப் பின்னலை நெருக்கமாக்குவதே சேர்பொருட்களின் வேலையாகிறது. எந்தச் சேர்பொருளும் ஜிப்சத்தை வேறு பொருளாக மாற்றுவதில்லை. படிகங்கள் தோன்றுவதையும், வளர்வதையும், அவற்றின் இடைவெளியையும் மட்டுமே மாற்றுகிறது. ஒரு குணத்துக்காகச் சேர்க்கும் பொருள் மற்றொரு குணத்தைக் கெடுக்கவும் கூடும் என்பதால் அளவே முதன்மையானது.

இந்தியாவில் உரத் தொழிற்சாலைகளில் பாசுபாரிக் அமிலம் தயாரிக்கும்போது பெருமளவு ஜிப்சம் கழிவாகக் கிடைக்கிறது. இதனைச் சுட்டு, கண்ணாடியிழை சேர்த்து, 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் 124 மி.மீ. தடிப்பும் கொண்ட உள்ளீடற்ற சுவர்ப்பலகைகள் செய்யப்படுகின்றன. உள்ளறைகளில் கம்பியும் கற்காரையும் நிரப்பி இவற்றைக் கொண்டே வீடு கட்டும் முறையைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆய்வு செய்து, 2013 ஆம் ஆண்டில் தன் வளாகத்தில் மாதிரிக் கட்டடம் ஒன்றையும் எழுப்பியது.

விருதுகளும் இறுதிக் காலமும்

லெ சாட்டலியே 1911 ஆம் ஆண்டில் பிரித்தானிய இரும்பு எஃகு நிறுவனத்தின் பெசமர் பொற்பதக்கத்தையும், 1916 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் டேவி பதக்கத்தையும் பெற்றார். 1913 ஆம் ஆண்டில் அரச கழகத்தின் வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரெஞ்சு அரசின் லெஜியன் ஆஃப் ஆனர் விருதைப் பல படிநிலைகளில் பெற்றார். நோபல் பரிசு இவருக்குக் கிடைக்கவில்லை. அறிவியலும் தொழிலும் இணைந்து நடக்கவேண்டியதன் தேவை பற்றி 1925 ஆம் ஆண்டில் ஒரு நூலையும், சோதனை அறிவியல்களின் முறை பற்றி 1936 ஆம் ஆண்டில் மற்றொரு நூலையும் வெளியிட்டார்.

இவர் 1936 ஆம் ஆண்டு செப்டம்பர் 17 ஆம் நாள், பிரான்சின் இசேர் மாவட்டத்திலுள்ள மிரிபெல்-லெ-எசெல் என்னும் ஊரில் தமது 85 ஆம் வயதில் காலமானார்.